காவல்காரரின் கையிலிருந்த படைக்கலங்கள்

நுழையும்முன்

ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பினியை எதிர்த்துப் போரிட்ட பாளையக்காரர்களின் பெயர்களை நாம் அறிவோம். அவர்களுடைய படையினர் எவற்றைக் கையில் ஏந்தினர்? அவை யாரால், எதற்காகச் செய்யப்பட்டவை? போரில் அவற்றின் வலிமை என்ன? அவை பின்னர் எங்கே போயின? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

1. பாளையமும் பாலெமும்

சித்தூரிலிருந்து பலமனேர் நோக்கிச் செல்லும் பெங்களூர்ச் சாலையில் பங்காருபாலெம் என்னும் ஊர் உள்ளது. தெலுங்கில் ‘பாலெம்’ என்பதும் தமிழில் ‘பாளையம்’ என்பதும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். படை தங்கும் இடம் என்பது அதன் பழைய பொருள். விசயநகரப் பேரரசின் காலத்தில், ஒரு படைத்தலைவனின் பொறுப்பில் விடப்பட்ட நிலப்பகுதியையும் அச்சொல் குறிக்கலாயிற்று. அப்பகுதியை ஆண்டவனைத் தமிழர் ‘பாளையக்காரர்’ என்றும், தெலுங்கர் ‘பாலெகாடு’ என்றும் அழைத்தனர்.

பாளையக்காரருக்குக் கடமைகள் மூன்று இருந்தன. மேலுள்ள அரசருக்குக் கப்பம் கட்டவேண்டும். போர் வந்தால் ஆட்களை அனுப்பவேண்டும். தம் எல்லைக்குள் ஊர்களையும் வழிகளையும் காக்கவேண்டும். மூன்றாவது கடமைக்குக் ‘காவல்’ என்று பெயர். தெலுங்கில் அதனைக் ‘காவலி’ என்பர். களவு நிகழாமல் பார்த்துக்கொள்வதும், களவு போன பொருளை மீட்டுத் தருவதும், வணிகரின் வண்டிகளுக்குத் துணை செல்வதும் காவல்காரரின் வேலை. அதற்கு ஈடாக ஊரார் விளைச்சலில் ஒரு பங்கை அவர்களுக்குக் கொடுத்தனர்.

இன்றைய சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் பங்காரி, பாகாலா, புலிச்செர்லா, கல்லூர் முதலிய பாளையங்கள் இருந்தன. மேற்கே மைசூர் மேட்டுநிலம். கிழக்கே ஆர்க்காட்டுச் சமவெளி. இடையே காடும் மலையும் கணவாய்களும். கணவாய் ஒன்றின் காவல் தளர்ந்தால் விளைவு என்னவாகும் என்பதை 1740ஆம் ஆண்டு காட்டிற்று. மராட்டியப் படை பாகாலாவுக்கு அண்மையிலுள்ள தாமல்செருவுக் கணவாயில் ஆர்க்காட்டு நவாபு தோஸ்த் அலியை வென்றது. நவாபு களத்திலேயே இறந்தார். ஆகவே இப்பகுதியில் படைக்கலம் ஏந்துவது சிலருடைய விருப்பம் மட்டுமன்று. அது பலருடைய தொழில்.

இங்கு ஓர் உண்மையை மனத்தில் கொள்ளவேண்டும். பாளையக்காரரின் படையில் பெரும்பாலோர் ஆண்டு முழுவதும் சம்பளம் பெற்ற படைவீரர் அல்லர். உழுதவரும் ஆடு மேய்த்தவரும் வேட்டையாடியவரும் ஊர்க்காவல் செய்தவருமே அழைப்பு வந்தபோது போர்வீரர் ஆயினர். அவர்கள் கையில் ஏற்கெனவே இருந்த கருவிகளே போர்க்களத்திற்கும் வந்தன.

2. வேலும் ஈட்டியும்

பாளையக்காரர் படையில் மிகுதியாகக் காணப்பட்டது வேல். நீண்ட மூங்கிற் கழியின் முனையில் கூரிய இரும்பு பொருத்தப்பட்டது. ஊர்க்கொல்லரின் உலைக்களத்திலேயே அதனைச் செய்துவிடலாம். பன்றி வேட்டைக்கும், இரவுக் காவலுக்கும், போருக்கும் அதுவே பயன்பட்டது. தமிழில் ‘ஈட்டி’ எனப்படுவது தெலுங்கில் ‘ஈடெ’ எனப்படுகிறது. இரு மொழியாரும் ஒரே கருவியை ஒரே வேர்ச்சொல்லால் வழங்கியதிலிருந்து, அக்கருவி இப்பகுதியில் எவ்வளவு பழைமையானது என்பதை உணரலாம்.

வேல்கள் இரு வகையாகப் பயன்பட்டன. எறிவதற்குரியவை குட்டையாகவும் இலேசாகவும் இருந்தன. கையிலேயே பிடித்துக் குத்துவதற்குரியவை நீளமாக இருந்தன. பாஞ்சாலங்குறிச்சி வீரர் பயன்படுத்திய நீள்வேல்கள் ஓர் ஆளின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு வரை நீண்டவை. கும்பினிச் சிப்பாய் தன் துப்பாக்கி முனையில் குத்துக்கத்தியைப் பொருத்திக்கொண்டு பாய்ந்தாலும், அக்கத்தி எட்டுமுன் வேல்முனை அவனை எட்டிவிடும். நெருங்கிய போரில் வேலின் வலிமை இந்நீளத்தில்தான் இருந்தது.

வாளும் வட்டக்கேடயமும் குத்துவாளும் வசதி உடையோரிடம் இருந்தன. நல்ல வாளுக்கு உயர்ந்த எஃகும் தேர்ந்த கொல்லரும் வேண்டும், விலையும் மிகுதி. எனவே எளிய வீரருக்கு வேலும் அரிவாளுமே துணை.

3. வளரி

சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமைகளில் புகழ்பெற்ற கருவி வளரி. இதனை ‘வளைதடி’ என்றும் வழங்குவர். பிறை நிலவைப்போல் வளைந்த வடிவம். ஒரு முனை கனமாகவும் அகன்றும் இருக்கும். மறுமுனை மெலிந்து, கைக்கு அடங்குமாறு குமிழுடன் இருக்கும். வைரம் பாய்ந்த மரத்தாலும் இரும்பாலும் செய்யப்பட்டது. தந்தத்தால் செய்யப்பட்ட வளரிகளும் உண்டு.

எறிபவர் மெலிந்த முனையைப் பற்றி, தோளுக்குமேல் சிலமுறை சுழற்றி, விசையுடன் வீசுவார். கையைவிட்டு நீங்கிய வளரி காற்றில் சுழன்றுகொண்டே செல்லும். சுழற்சி அதனை நிலைகுலையாமல் செலுத்தும். கனமான முனை தாக்கும் வலிமையைக் கூட்டும். ஓடும் மானின் காலை வீழ்த்துவதற்கு வேட்டையாடுவோர் கண்ட வழி இது. அதே வழி, ஓடும் குதிரைக்கும் அதன்மேல் இருக்கும் வீரனுக்கும் எதிராகப் பயன்பட்டது.

ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் வளைதடியோடு வளரியை ஒப்பிடுவது வழக்கம். எறிந்தவரிடமே திரும்பி வருவது வளரியின் இயல்பு எனப் பலர் எண்ணுகின்றனர். வேட்டைக்கும் போருக்கும் வேண்டியது திரும்பி வருவதன்று. குறி தவறாமல் சென்று வலிமையாகத் தாக்குவதே. ஆஸ்திரேலியாவிலும் வேட்டைக்குரிய கனத்த தடிகள் பெரும்பாலும் திரும்பி வாராதவையே.

ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலேயப் படையதிகாரி 1830ஆம் ஆண்டு தம் நினைவுக்குறிப்புகளை நூலாக வெளியிட்டார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதன்முதலில் கற்பித்தவர் சிவகங்கையின் சின்ன மருது என்று அந்நூலில் அவர் குறிப்பிடுகின்றார். அவருக்கு அக்கலையைக் கற்பித்தபோது இருவரும் நண்பர்கள். சில ஆண்டுகளில் அதே சின்ன மருதுவை எதிர்த்த படையில் வெல்ஷும் இருந்தார்.

4. கம்பும் கர்ர சாமுவும்

படைக்கலங்களுள் மிக எளியது கம்பு. மூங்கிலோ பிரம்போ போதும், இரும்பு வேண்டா. கம்பைச் சுழற்றிப் போரிடும் கலையே சிலம்பம். ஆந்திரத்தில் இதனையொத்த கலைக்குக் ‘கர்ர சாமு’ என்று பெயர். ‘கர்ர’ என்பது கம்பு. ‘சாமு’ என்பது பயிற்சி.

கம்பின் நீளம் ஆடுபவரின் உயரத்தைப் பொறுத்தது. நெற்றியளவு இருப்பது ஒரு பொது முறை. முதலில் கால்வரிசை கற்பிக்கப்படும். எங்கே அடி வைப்பது, எப்போது திரும்புவது, எப்படி விலகுவது என்பவை தெரிந்த பின்னரே வீச்சு. ஒருவர் கம்பைக் கையாளக் கற்றால் வேலையும் வாளையும் கையாள்வது எளிதாகும். ஏனெனில் அடிவைப்பும் உடல் திருப்பமும் அவற்றிற்கும் பொது. சிலம்பக் கூடங்களில் சுருள்வாளும், மான்கொம்பால் ஆன மடுவும் கம்பிற்குப் பின்னரே கற்பிக்கப்படுகின்றன.

5. துப்பாக்கியும் மருந்தும்

பாளையக்காரர் வேலையும் வாளையும் மட்டுமே அறிந்திருந்தனர் என்பது தவறு. அவர்களிடம் துப்பாக்கிகளும் சில பீரங்கிகளும் இருந்தன. வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றையும் அளவறிந்து கலந்து வெடிமருந்து செய்வது தென்னாட்டில் நன்கு தெரிந்த தொழில்.

வேறுபாடு துப்பாக்கியின் பொறியில் இருந்தது. பாளையக்காரரின் துப்பாக்கி பெரும்பாலும் திரித்துப்பாக்கி. எரிந்துகொண்டே இருக்கும் கயிற்றுத் திரி ஒன்று மருந்தைத் தொடும்போது குண்டு பாயும். வீரன் போர் முழுவதும் அத்திரியை அணையாமல் காக்கவேண்டும். இரவில் அதன் கனல் அவன் இருக்கும் இடத்தைப் பகைவருக்குக் காட்டிவிடும். கும்பினிச் சிப்பாயின் துப்பாக்கி சக்கிமுக்கிக் கல்லால் பொறி எழுப்பியது. திரி வேண்டாமையால், நெருக்கமாக வரிசையில் நின்று, ஆணைக்கேற்ப ஒரேநேரத்தில் சுட முடிந்தது. எல்லாருடைய துப்பாக்கியும் ஒரே அளவு. குண்டும் ஒரே அளவு. ஒருவனுடைய குண்டு தீர்ந்தால் அடுத்தவனிடம் பெறலாம்.

ஆயினும் இருவகைத் துப்பாக்கிக்கும் பொதுவான பகை ஒன்று உண்டு. அது மழை.

6. பாஞ்சாலங்குறிச்சி காட்டும் உண்மை

வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து 1801 பிப்ரவரியில் தப்பினார். இடிக்கப்பட்டுக் கிடந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை அவரும் அவருடைய மக்களும் விரைந்து எழுப்பினர். அது கற்கோட்டை அன்று, மண்கோட்டை. அதனைச் சுற்றி முள்வேலி.

1801 மார்ச் 31 அன்று கும்பினிப் படை அக்கோட்டையைத் தாக்கியது. சுவரின்மேல் ஏறியவர்களை உள்ளிருந்த வீரர் நீள்வேல்களால் குத்தி வீழ்த்தினர். மேலே ஏறியோர் நின்று சுடுவதற்கு இடமும் நேரமும் கிடைக்கவில்லை. பேரிழப்புடன் கும்பினிப் படை பின்வாங்கியது. துப்பாக்கி ஏந்திய படையை வேல் ஏந்திய படை தடுத்து நிறுத்திய நாள் அது.

பின்னர்க் கர்னல் அக்னியூவின் தலைமையில் கூடுதல் படையும் பெரிய பீரங்கிகளும் வந்தன. பீரங்கி தொலைவிலிருந்தே சுவரை உடைத்தது. மே 24 அன்று கோட்டை வீழ்ந்தது. வேலின் நீளம் மனிதனை எட்டும்; பீரங்கியை எட்டாது. வீரம் குறைந்ததனால் கோட்டை வீழவில்லை. பீரங்கிக்கு மாற்று இல்லாமையால் வீழ்ந்தது.

ஊமைத்துரை சிவகங்கைக்குச் சென்று மருது சகோதரர்களுடன் சேர்ந்தார். சின்ன மருது 1801 ஜூன் 16 அன்று திருச்சிராப்பள்ளியில் ஓர் அறிவிப்பை வெளியிட்டு, எல்லா மக்களும் கும்பினியை எதிர்த்து எழவேண்டும் என அழைத்தார். காளையார்கோவில் காடு அவர்களுக்கு அரணாயிற்று. அக்காட்டை வெட்டி வழி அமைக்கக் கும்பினிப் படை ஏறத்தாழ ஒரு மாதம் முயன்று கைவிட்டது. வேறு வழியாக வந்த படைகள் அக்டோபர் தொடக்கத்தில் காளையார்கோவிலைப் பிடித்தன. மருது சகோதரர் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரிலும், ஊமைத்துரை நவம்பர் 16 அன்று பாஞ்சாலங்குறிச்சியிலும் தூக்கிலிடப்பட்டனர்.

7. படைக்கலங்களுக்கு வந்த தடை

போர் முடிந்தபின் கும்பினி செய்த வேலை, ஊர்தோறும் இருந்த படைக்கலங்களைப் பறித்தது. சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவு 1801 டிசம்பர் 1 அன்று வெளியிட்ட அறிவிப்பு, தென்சீமைப் பாளையங்களில் படைக்கலம் வைத்திருப்பதைத் தடை செய்தது.

இத்தடையின் பொருளை ஆழ்ந்து நோக்கவேண்டும். அரசின் கண்ணில் வேல் ஒரு போர்க்கருவி. ஊராருக்கோ அது காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்கும் கருவி. இரவுக் காவலனின் துணை. அவன் உழைப்புக்குக் கிடைக்கும் விளைச்சல் பங்கின் அடையாளம். வேலைப் பறித்தபோது வேலையும் போயிற்று. காவல் உரிமை பாளையக்காரரிடமிருந்து நீங்கி அரசின் காவலர்களிடம் சென்றது. தலைமுறை தலைமுறையாகக் காவல் செய்தவர் பிழைப்பின்றி நின்றனர்.

சித்தூர்ப் பகுதியிலும் இதுவே நிகழ்ந்தது. 1801 ஜூலை 31 அன்று ஏற்பட்ட உடன்படிக்கையால் ஆர்க்காட்டு நவாபின் நாடு கும்பினியின் கைக்கு வந்தது. அதனுடன் சித்தூர்ப் பாளையங்களும் வந்தன. வேங்கடகிரி, காளஹஸ்தி, கார்வேட்டிநகரம் ஆகிய பெரும்பாளையங்களோடு 1802இல் கும்பினி உடன்பாடு செய்துகொண்டது. அவை படை வைத்திருக்கும் கடமையிலிருந்து நீக்கப்பட்டன. அதற்குப் பதிலாகப் பணம் செலுத்தவேண்டியிருந்தது. சித்தூரின் சிறு பாளையங்களோடு ஏற்பட்ட பிணக்கு 1804இல் கிளர்ச்சியாக மூண்டது. மலையையும் காட்டையும் நம்பி அவர்கள் போரிட்டனர். 1805இல் கும்பினிப் படை அதனை அடக்கியது.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அப்புண் ஆறவில்லை. ராயலசீமையில் உய்யாலவாடா நரசிம்ம ரெட்டி 1846இல் கிளர்ந்தெழுந்தார். அவரும் பாளையக்காரர் மரபினரே. அவருடன் சேர்ந்தவருள் பலர் ‘கட்டுபடி’ எனப்பட்ட ஊர்க்காவலர். தம் பணிக்காகப் பெற்றிருந்த மானிய நிலங்களை இழந்தவர். அவர் 1847 பிப்ரவரி 22 அன்று கோயிலகுண்ட்லாவில் தூக்கிலிடப்பட்டார்.

8. கடலுக்கு அப்பால் ஒரு மழைநாள்

இதே காலத்தில் சீன நாட்டிலும் ஊரார் வேலேந்தி எழுந்தனர். அங்கே 1796 முதல் 1804 வரை வெண்தாமரைக் கிளர்ச்சி நடந்தது. அது தென்னாட்டுப் பாளையக்காரர் போர்களின் காலமேயாகும். அதன்பின் நிகழ்ந்த ஒரு போரில் சென்னை மாகாணத்து வீரர்களே சீன ஊராரின் எதிரில் நின்றனர்.

அபின் வணிகத்தை முன்னிட்டு ஆங்கிலேயர் சீனத்தின்மேல் போர் தொடுத்தபோது, 37ஆம் சென்னைக் காலாட்படையும் அங்கே அனுப்பப்பட்டது. குவாங்சௌ நகருக்கு வெளியே படையினர் கொள்ளையிட்டதும் கல்லறைகளைக் கலைத்ததும் ஊராரைச் சினம்கொள்ளச் செய்தன. 1841 மே 30 அன்று சான்யுவான்லி என்னும் ஊரைச் சுற்றியிருந்த மக்கள் வேல், வாள், மண்வெட்டி ஆகியவற்றுடன் திரண்டனர். அப்போது பெருமழை பெய்தது. சென்னைப் படையின் ஒரு பிரிவினர், ஏறத்தாழ அறுபது பேர், வயல்வெளியில் வழிதவறித் தனித்து நின்றனர்.

மருந்து நனைந்தது, சக்கிமுக்கித் துப்பாக்கி சுடவில்லை. சீனரின் நீள்வேல்கள் குத்துக்கத்தியைவிட நீளமாக இருந்தன. சென்னை வீரர் சதுரமாக அணிவகுத்து நின்று, வேல்களைத் தடுத்துக்கொண்டே காத்திருந்தனர். புதிய வகைத் துப்பாக்கி ஏந்திய கடற்படை வீரர் இரவில் வந்து அவர்களை மீட்டனர். அத்துப்பாக்கியில் சக்கிமுக்கிக் கல்லுக்குப் பதிலாகச் சிறு செம்பு மூடி இருந்தது. மழையிலும் அது சுடும்.

பாஞ்சாலங்குறிச்சியில் வேலின் பக்கம் நின்றது நம் மண்ணின் வீரம். சான்யுவான்லியில் அதே மண்ணின் வீரர் துப்பாக்கியின் பக்கம் நின்றனர். தம்முடையதல்லாத நாட்டில், பிறருடைய ஆணைக்காக நின்றனர். இரு பக்கத்திலும் உழவர் மக்களே இருந்தனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

1900ஆம் ஆண்டு சீனத்தில் ‘யிஹெதுவான்’ எனப்பட்ட தற்காப்புக்கலைக் குழுவினர் வெளிநாட்டாரை எதிர்த்தபோது, சென்னைப் படைப்பிரிவுகள் மீண்டும் அங்கே சென்றன. அக்குழுவினர் பெருவாளும் வேலும் கம்பும் ஏந்தினர். முறையான பயிற்சியும் மந்திரமும் தம் உடலைக் குண்டு துளைக்காமல் காக்கும் என்று அவர்களுள் பலர் நம்பினர். அந்நம்பிக்கை அவர்களுக்குத் துணிவைத் தந்தது, உயிரைக் காக்கவில்லை.

9. எஞ்சியிருப்பவை

பறிக்கப்பட்ட வளரிகள் சில இன்று நம் நாட்டிலும் இங்கிலாந்திலும் உள்ள அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவற்றைக் குறிதவறாமல் வீசும் கை அரிதாகிவிட்டது. கண்ணாடிப் பேழையில் பொருள் தங்கும்; பயிற்சி தங்காது. பயிற்சி ஒருவர் மற்றொருவருக்குக் கற்பித்தால் மட்டுமே நிலைக்கும்.

கம்பு அவ்வாறு நிலைத்தது. அதனை முற்றிலும் பறிக்க எந்த அரசாலும் இயலவில்லை. மூங்கிற் புதர் உள்ள இடமெல்லாம் அது மீண்டும் முளைத்தது. திருவிழாக்களில் ஆட்டமாகவும், பள்ளிகளில் விளையாட்டாகவும் சிலம்பம் வாழ்கிறது. மலேசியா முதலிய நாடுகளுக்குப் பெயர்ந்த தமிழரும் அதனைத் தம்முடன் கொண்டு சென்றனர். ஆந்திரத்தில் கர்ர சாமு அவ்வாறே வாழ்கிறது.

ஒரு படைக்கலம் போரின் வெற்றி தோல்வியைக் காட்டுவதோடு, அதை ஏந்தியவர் யார், என்ன தொழில் செய்தார், எதைக் காக்க எழுந்தார் என்பதையும் காட்டுகிறது. வளரியில் வேட்டைக்காரரும், வேலில் காவல்காரரும், மண்வெட்டியில் உழவரும் தெரிகின்றனர். பேர் பொறிக்கப்படாத அம்மக்களின் வரலாற்றை அக்கருவிகளிலிருந்தே நாம் படிக்கவேண்டியுள்ளது.

சொல்லும் பொருளும்

கப்பம் – பேரரசருக்குச் சிற்றரசர் செலுத்தும் பொருள்
கணவாய் – மலைகளுக்கு இடையே அமைந்த வழி
அரண் – பாதுகாப்பு
மானிய நிலம் – பணிக்காக வழங்கப்பட்ட நிலம்
வெடியுப்பு – வெடிமருந்தில் சேர்க்கப்படும் உப்பு
பிணக்கு – மாறுபாடு, பகை
பேழை – பெட்டி

சிந்தித்து விடையளிக்க

1. பாளையக்காரருக்குரிய மூன்று கடமைகள் யாவை?
2. வளரியின் ஒரு முனை கனமாக அமைக்கப்பட்டது ஏன்?
3. பாஞ்சாலங்குறிச்சியில் மார்ச் 31 அன்று பயன்பட்ட வேல் மே 24 அன்று பயன்படாமற் போனது ஏன்?
4. ‘வேலைப் பறித்தபோது வேலையும் போயிற்று’ – இத்தொடரில் ‘வேலை’ என்னும் சொல் எவ்வெப் பொருளில் வந்துள்ளது? விளக்குக.
5. சான்யுவான்லியில் நின்ற சென்னை வீரரைப் பற்றி உம் கருத்து யாது? பத்து வரிகளில் எழுதுக.

செயல்பாடு

பாளையம் – பாலெம், காவல் – காவலி, ஈட்டி – ஈடெ என்பன போலத் தமிழுக்கும் தெலுங்குக்கும் பொதுவான சொற்கள் பத்தினை வீட்டுப் பெரியோரிடம் கேட்டுத் தொகுக்க. சந்திரகிரிக் கோட்டையின் ராஜ மகாலில் உள்ள அருங்காட்சியகத்தைக் காணும் வாய்ப்பு அமைந்தால், அங்குள்ள பழைய கருவிகளுள் ஒன்றைத் தேர்ந்து, அதை ஏந்தியவர் என்ன தொழில் செய்திருக்கக்கூடும் என்பதை ஒரு பத்தியில் எழுதுக.